உறுதி இல்லாத மைதானம்

தோப்பூரில் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஒரு மைதானம் இருக்கிறது. மைதானம் என்றதும் சுற்றுமதிலும் படிக்கட்டு அரங்கும் உள்ள ஓர் இடத்தை வாசகர்கள் மனதில் கொள்ள வேண்டாம். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால், முன்னால் வீதி, நடுவில் இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் கூடிய வெட்டவெளி. அவ்வளவுதான். மாரியில் அங்கே தண்ணீர் நிற்கும். வெள்ளாமை வெட்டிய நாட்களில் நெல் காயும். பெருநாள் தொழுகை நடந்திருக்கிறது. கல்யாணப் பந்தல் போட்டிருக்கிறார்கள். மற்ற நாட்களில் அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து மஃரிப் பாங்கு வரை பந்து உருளும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான்.

சென்ற வருடம் ஒரு காலையில் அளவு நாடாவோடு நாலு பேர் அங்கே நின்றார்கள். பின்னேரம் பிள்ளைகள் விளையாடப் போனபோது நான்கு மூலைகளிலும் சிவப்பு மை பூசிய கட்டைகள் அடித்திருந்தன. கட்டடம் ஒன்று வரப்போகிறது என்று ஊரில் பேச்சு. என்ன கட்டடம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். பிள்ளைகள் போய் விசாரித்த இடத்தில் அவர்களிடமே ஒரு கேள்வி திருப்பிக் கேட்கப்பட்டது: இது உங்கள் மைதானம் என்பதற்கு என்ன ஆதாரம்?

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு ஐந்தாறு பேர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள்.

"சேர், கழகத்துட வரலாறும் மைதானத்துட வரலாறும் ஆதாரத்தோட எழுதித் தரட்டாம். நீங்க எழுதினாத்தான் சரி."

நான் வரலாற்றுப் பாடம் படிப்பிக்கிறவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். ஆனால் அவர்கள் அறியாத இன்னொரு காரணமும் உண்டு. 2002 முதல் 2006 வரை அந்தக் கழகத்தின் செயலாளராக இருந்தவன் நான். கழகத்தின் கூட்டறிக்கைக் கொப்பி என் பொறுப்பில்தான் இருந்தது. அதைத் தொலைத்தவனும் நான்தான். (விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருப்பதால் கழகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.)

2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதோடு தொடங்கிய சண்டை ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூதூருக்குள் வந்தது. மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கந்தளாய்ப் பக்கம் ஓடின. ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் அலுமாரியைத் திறந்தேன். மேல் தட்டில் என்னுடைய பரீட்சைச் சான்றிதழ்களும் நியமனக் கடிதமும் இருந்த கோவை. அதற்குக் கீழே கழகத்தின் சீ.ஆர். கொப்பி. கோவையை எடுத்தேன். கொப்பியை எடுக்கவில்லை. இரண்டும் ஒரு கைக்குள் அடங்கும் பாரம்தான். திரும்பி வந்தபோது கூரை ஓடுகள் நொறுங்கி, மழை உள்ளே இறங்கி, அலுமாரியின் கீழ்த்தட்டைக் கறையான் கட்டியிருந்தது. ஒரு பக்கமும் தேறவில்லை.

ஆகவே, வரலாறு எழுத உட்கார்ந்தபோது என்னிடம் மைதானம் இருந்தது; எழுத்து இருக்கவில்லை. எழுத்தைக் காப்பாற்றியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கும் ஆசையில், உலகத்தின் மிகப் பழைய உதைபந்தாட்டக் கழகத்தின் கதையைத் தேடிப் படித்தேன். அது என்னுடைய கேள்விக்கு ஒரு வழி காட்டியது. அதனால் அந்தக் கதையையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

*

இங்கிலாந்தின் வடபகுதியில் கத்தி, கரண்டி, உருக்கு ஆகியவற்றுக்குப் பேர்போன நகரம் ஷெஃபீல்ட். அங்கே 1857 ஒக்டோபர் 24ஆம் திகதி நத்தானியேல் கிரெஸ்விக், வில்லியம் பிரெஸ்ட் என்ற இரு நண்பர்கள் ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். இருவரும் கிரிக்கெட் ஆடுபவர்கள். குளிர்காலத்தில் கிரிக்கெட் இல்லை. உடம்பைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. அதுதான் காரணம். வேறு பெரிய நோக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

கழகத்தின் முதல் அலுவலகம் ஒரு தோட்டக் கண்ணாடிக் கொட்டில். அதைக் கொடுத்தவர் கழகத்தின் முதல் தலைவரான ஃபிரடெரிக் வோர்டின் தகப்பனார். பக்கத்தில் இருந்த வயல்தான் மைதானம். அதாவது உலகின் முதல் உதைபந்தாட்டக் கழகமும் ஒரு தோட்டத்துக் கொட்டிலிலும் ஒருவர் விட்டுக்கொடுத்த வயலிலும்தான் தொடங்கியிருக்கிறது. இதை வாசித்துக் காட்டியபோது எங்கள் பிள்ளைகளின் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைக் கண்டேன்.

ஆனால் ஒரு விடயத்தில் அவர்கள் நம்மை விட மிகவும் முந்திவிட்டார்கள். அவர்கள் எழுதினார்கள். 1858இல் ஆட்டவிதிகளைக் கையால் எழுதினார்கள்; 1859இல் அவற்றைச் சிறு நூலாக அச்சிட்டார்கள். பந்தைக் கையால் தள்ளலாம், அடிக்கலாம். கையில் பிடித்து வைத்திருக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரனும் சிவப்பில் ஒன்றும் கடும் நீலத்தில் ஒன்றுமாகத் தொப்பி கொண்டுவர வேண்டும், ஓர் அணி ஒரு நிறத்தை அணிய வேண்டும் என்றும் இருக்கிறது. அன்றைக்கு ஜேர்சி கிடையாது. தொப்பியை வைத்துத்தான் ஆள் யாரென்று கண்டார்கள். இன்று உலகம் முழுவதும் ஆடப்படும் கோணர் உதை ஷெஃபீல்ட் விதிகளிலிருந்து லண்டன் சங்கத்தின் விதிகளுக்குப் போனதுதான்.

இங்கே ஒரு சங்கடம் அவர்களுக்கு இருந்தது. உலகத்தில் முதல் கழகம் என்றால் எதிர்த்து ஆட வேறு கழகம் ஏது? தங்களுக்குள்ளேயே பிரிந்து ஆடினார்கள். கல்யாணம் முடித்தவர்கள் ஒரு பக்கம், முடிக்காதவர்கள் மறுபக்கம். பெயரின் முதல் எழுத்து அகரவரிசையின் முற்பாதியில் உள்ளவர்கள் ஒரு பக்கம், பிற்பாதியில் உள்ளவர்கள் மறுபக்கம். மூன்று வருடங்கள் இப்படிப் போனது.

1860இல் அயலில் ஹலம் என்ற கழகம் உருவானது. அந்த வருடம் டிசம்பர் 26ஆம் திகதி ஹலமின் சாண்டிகேட் மைதானத்தில் இரு கழகங்களும் மோதின. ஷெஃபீல்ட் இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றது. இரண்டு கழகங்களுக்கு இடையே நடந்த முதல் உதைபந்தாட்டப் போட்டி என்று இதைத்தான் வரலாற்றில் குறிக்கிறார்கள். 1862 டிசம்பர் 29ஆம் திகதி பிராமல் லேன் மைதானத்தில் இதே இரு அணிகளும் மறுபடி சந்தித்தன. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் ஆலைகள் மூடப்பட்டு, லங்காஷயரில் தொழிலாளர்கள் பட்டினி கிடந்த காலம் அது. அவர்களுக்கு நிதி சேர்க்க நடந்த அந்த ஆட்டம் கைகலப்பில் போய் நின்றது. ஹலம் அணியின் வோட்டர்ஃபோல் என்பவர் கிரெஸ்விக்கை அடித்துவிட்டார். தண்டனையாக அவரைக் கோல் காக்க அனுப்பினார்கள். எங்கள் கழகத்தின் கோல் காப்பாளருக்கு இந்தச் சம்பவம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மைதானத்தின் கதைக்கு வருகிறேன். ஹலம் கழகம் அதே சாண்டிகேட்டில் இன்றும் ஆடுகிறது. 1804 முதல் கிரிக்கெட் ஆடப்பட்டு வந்த அந்த இடம் உலகின் மிகப் பழைய உதைபந்தாட்ட மைதானம் என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றிருக்கிறது. ஷெஃபீல்ட் கழகத்துக்கோ சொந்த இடம் வாய்க்கவில்லை. 1885இல் இங்கிலாந்தில் கூலிக்கு ஆடுவது சட்டபூர்வமாக்கப்பட்டது. மற்றக் கழகங்கள் பணம் கொடுத்து ஆட்டக்காரர்களை எடுத்தன. ஷெஃபீல்ட் கழகம் பணத்துக்கு ஆடுவதில்லை என்று நின்றது. 1904இல் கூலி பெறாதோருக்கான தேசியக் கிண்ணத்தை வென்றது. ஆனால் கூட்டமும் வருமானமும் மற்றவர்களிடம் போய்விட்டன. கழகம் இடத்துக்கு இடம் மாறி, இரவல் மைதானங்களிலேயே ஆடியது.

சொந்தமென்று ஒரு மைதானம் அதற்குக் கிடைத்தது 2001இல். தொடங்கி 144 வருடங்களுக்குப் பிறகு! அதுவும் தன் நகரத்துக்குள் இல்லை. எல்லை தாண்டி, அடுத்த மாவட்டத்தின் டிரோன்ஃபீல்ட் என்ற சிறு பட்டினத்தில். 2004இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபா தன் சிறப்பு விருதை ரியல் மட்ரிட் கழகத்துக்கும் இந்தச் சிறிய கழகத்துக்கும் வழங்கியது. 2007இல் 150ஆவது ஆண்டு நிறைவுக்கு இத்தாலியின் இன்டர் மிலான் வந்து ஆடியது. பெலே வந்து பார்த்தார். ஆனால் விருதையும் விருந்தாளியையும் வைத்து மைதானத்தைத் திருத்த முடியுமா? 2011 ஜூலையில் கழகம் தன் அலுமாரியைத் திறந்தது. கையெழுத்தில் இருந்த விதிகள், 1859இல் அச்சான சிறுநூலின் எஞ்சியிருந்த ஒரே பிரதி, பழைய பதிவேடுகள் எல்லாம் லண்டனில் சொதபீஸ் ஏலத்துக்குப் போயின. 8,81,250 பவுணுக்கு ஏலம் போனது. கழகத்துக்கு வசதிகள் செய்ய அந்தப் பணம் தேவைப்பட்டது.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திச் சில நாட்கள் யோசித்தேன். அவர்களிடம் எழுத்து இருந்தது, மைதானம் இருக்கவில்லை. மைதானத்துக்காக எழுத்தை விற்றார்கள். எங்களிடம் மைதானம் இருக்கிறது. அதைக் காப்பாற்ற எழுத்து இல்லை. விற்றாலும் அவர்களுடைய எழுத்து எங்கோ ஒருவரிடம் பத்திரமாக இருக்கும். எங்களுடையது கறையானிடம் போய்விட்டது.

*

சொந்த மைதானம் இல்லாத இன்னொரு கழகத்தின் கதை நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங். 1891இல் மிகச் சிறிதாகத் தொடங்கிய கழகம். நீண்ட காலம் கீழ்ப்பிரிவுகளில் கிடந்தது. 1934இல் முதற்பிரிவுக்கு ஏறிய வருடமே கல்கத்தா லீக்கை வென்றது. அதுவரை எந்த இந்தியக் கழகமும் அதை வென்றிருக்கவில்லை. பிரித்தானியப் படைப்பிரிவுகளின் அணிகளும் ஐரோப்பியர் கழகங்களும்தான் வென்று வந்தன. 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடங்கள் அந்தக் கிண்ணம் அவர்களிடமே இருந்தது. 1940இல் டெல்லியில் ரோயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவை வென்று டூரண்ட் கிண்ணத்தையும் எடுத்தார்கள். அதை வென்ற முதல் இந்திய அணியும் அதுதான். பெங்களூர் முதல் குவெட்டா வரை பல ஊர்களிலிருந்து ஆட்டக்காரர்களைச் சேர்த்ததும், சேற்றில் ஆட வெறுங்காலை விட்டுப் பூட்ஸுக்கு மாறியதும் அந்த வெற்றிக்குக் காரணங்கள்.

அந்தக் கழகத்தின் மைதானம் இருப்பது கல்கத்தா மைதான் என்ற பெருவெளியில். ஏறத்தாழ 400 ஹெக்டேயர். வில்லியம் கோட்டையின் பீரங்கிகளுக்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது என்பதற்காகக் காடு வெட்டி உண்டாக்கிய வெளி அது. கொழும்பு காலிமுகத்திடலும் ஒல்லாந்தர் காலத்தில் பீரங்கிக்காகத் திறந்து வைத்த வெளிதான் என்பார்கள். குண்டு பாய விட்ட வெளியில் பிற்காலத்தில் பந்து பாய்ந்தது. கல்கத்தாவின் அந்த நிலம் இன்றும் இந்திய இராணுவத்துக்குரியது. பெரிய கழகங்களுக்கும் அங்கே கூடாரங்கள்தான். இராணுவத்தின் அனுமதி இல்லாமல் நிரந்தரக் கட்டடம் கட்ட முடியாது.

அந்த வெற்றிகளைப் பேசும்போது நாம் பெருமையோடு நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். முதலில் வெள்ளையரை வென்ற இந்தியர் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். போகப் போக அரங்கின் ஆரவாரத்துக்குள் அரசியல் புகுந்தது. எதிரணி எதிரியானது. 1947 பிரிவினை வந்தபோது அந்தக் கழகத்தின் ஆதரவாளர்களிலும் ஆட்டக்காரர்களிலும் பலர் எல்லைக்கு அப்பால் போனார்கள். கழகம் அழியவில்லை. 1948இல் மறுபடி லீக்கை வென்றது; 2024இல் ஐ-லீக் கிண்ணத்தையும் வென்று இந்தியாவின் முதல்தர லீக்குக்கு உயர்ந்தது. என்றாலும் எதிரணியை ஒரு கழகம் எப்படி வைத்துக்கொள்கிறது என்பது அதன் வரலாற்றில் சின்ன விடயம் அல்ல என்று எனக்குப் பட்டது. எங்கள் வெளியில் நடந்ததை நினைத்துப் பார்த்தேன்.

*

எங்கள் பக்கத்தில் காணிக்கு உறுதி இல்லாமல் போனதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆட்சியில் இல்லாத நிலமும் முடிக்குரியவை என்று அனுமானித்தது. அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் குடியானவன் தலையில் விழுந்தது. வயலுக்கும் வளவுக்கும் ஏதாவது ஆதாரம் காட்டலாம். மாடு மேய்ந்த தரைக்கும் பிள்ளைகள் ஓடிய வெளிக்கும் யார் எதைக் காட்டுவது? 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து வருடத் தொடர்ந்த ஆட்சிக்கு உரிமை தருகிறது. ஆனால் அது தனியாருக்கு எதிராகத்தான் செல்லும். அரசுக்கு எதிராகச் செல்லாது. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழும், பின்னர் அல்லைக் குடியேற்றத் திட்டத்தின் கீழும் எங்கள் பகுதியில் வயலுக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தவர்கள் உண்டு. வெளிக்கு அனுமதிப்பத்திரம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் உரியது என்று நினைத்தார்கள். எல்லோருக்கும் உரியதற்கு ஒருவர் பெயரும் ஏட்டில் ஏறாது என்பதை நினைக்கவில்லை.

பந்து எங்கள் ஊருக்கு வந்த வழி துறைமுகம்தான் என்பது என் குடும்பத்தில் சொல்லப்படும் கதை. திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 1944இல் கிழக்குக் கடற்படையின் கப்பல்கள் நிறைந்து நின்றன. கொட்டியாரக் குடாவைத் தோணியிலும் லோஞ்சிலும் கடந்து எங்கள் பக்கத்து ஆட்கள் கூலிவேலைக்குப் போனார்கள். அவர்களில் என் மூத்தாப்பாவும் ஒருவர். வேலை முடிந்து கரையில் நிற்கும்போது வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பந்தடிப்பதைப் பார்த்ததாகவும், கிழிந்த பந்து ஒன்றை வாங்கி வைக்கோல் அடைத்துக் கொண்டுவந்ததாகவும் சொல்வார். 1957இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. சிப்பாய்கள் போய்விட்டார்கள். பந்து இங்கேயே தங்கிவிட்டது.

அன்று ஓர் ஊர் அணி இன்னோர் ஊருக்கு ஆடப் போவது இலேசான காரியம் அல்ல. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை திருகோணமலை நகரத்துக்குத் தரைவழியாகப் போவதென்றால் துறைக்குத் துறை பாதைக்காகக் காத்து நிற்க வேண்டும். அதனால் எங்கள் கழகத்தின் எதிரணிகள் பெரும்பாலும் சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருந்தவைதான். மூதூர் முஸ்லிம் இளைஞர்கள், பக்கத்துத் தமிழ்க் கிராமங்களின் அணிகள், சேருவில பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வெளியில் ஆடியிருக்கிறார்கள். 1985க்குப் பிறகு அது குறைந்தது. 1990க்குப் பிறகு நின்றே போனது. சொந்த ஊருக்குள்ளேயே கல்யாணம் முடித்தவர்களும் முடிக்காதவர்களும் என்று பிரிந்து ஆடினோம். ஷெஃபீல்ட்காரர்கள் எதிரணி பிறப்பதற்கு முன்பு செய்ததை நாங்கள் எதிரணியை இழந்த பிறகு செய்தோம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்த வருடமே பக்கத்துத் தமிழ்க் கிராமத்து அணி எங்கள் வெளிக்கு வந்தது. நான் செயலாளரான புதிது. பன்னிரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு இரு ஊர்ப் பெரியவர்களும் வாய்க்கால் கட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த ஆட்டத்தில் நாங்கள் வென்றோம் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்வோம். கொப்பியில் நான் அதை எழுதியதும் நினைவிருக்கிறது.

*

விண்ணப்பத்துக்கு ஆதாரம் தேடத் தொடங்கினேன். பாடசாலையின் பழைய சம்பவத் திரட்டில் இல்ல விளையாட்டுப் போட்டி 'ஊர் வெளியில்' நடந்ததாக இரண்டு குறிப்புகள் கிடைத்தன. ஒரு வீட்டில் கல்யாண அல்பத்துக்குள் ஓர் அணியின் படம் இருந்தது. பின்னணியில் வாய்க்கால் மதகு தெளிவாகத் தெரிந்தது. ஒரு காக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து பித்தளைக் கிண்ணம் ஒன்றை எடுத்துத் தந்தார். அதில் வருடம் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. இவ்வளவுதான். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி கேட்பார்: "ஒரு சம்பவத்துக்கு எத்தனை பக்கம்? எத்தனை பக்கத்தாரிடம் கேட்டாய்?" அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தபோதுதான், இவ்வளவு நாளும் என் ஊருக்குள் மட்டுமே தேடிக்கொண்டிருக்கிறேன் என்று விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தமிழ்க் கிராமத்துக்குச் சைக்கிளில் போனேன். அவர்களுடைய அணியில் வெகுகாலம் கோல் காத்தவர் இருந்தார். இப்போது அறுபது தாண்டிவிட்டது. என்னைக் கண்டதும் முற்றத்தில் கதிரை போட்டார்.

"வாங்கோ மாஸ்டர். உங்கட வெளியில கட்டை அடிச்சிருக்காம், உண்மையோ?"

செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. நான் வந்த காரணத்தைச் சொன்னேன். கொப்பியை விட்டுவிட்டு ஓடியதையும் முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், தடித்த மட்டை போட்ட பழைய கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

அவர்களும் 2006இல் ஓடியவர்கள்தான். வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போய், முகாமில் இருந்து, வெகுநாள் கழித்து ஊர் திரும்பியவர்கள். வீட்டில் ஒரு பொருளும் மிஞ்சவில்லை. 2005இல் நிலைமை சரியில்லாமல் போகிறது என்று கண்டு, மகளின் சான்றிதழ்களை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்து நகரத்திலிருந்த தன் அக்கா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அந்தப் பெட்டியின் அடியில் இந்தக் கொப்பியையும் வைத்திருக்கிறார்.

"ஏன் அண்ணன் இதை வச்சீங்க?"

"சும்மாதான். பெட்டியில இடம் இருந்தது."

1979இலிருந்து அவர் ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் அதில் இருந்தது. திகதி, இடம், கோல் கணக்கு, நடுவர், தேத்தண்ணிக்குக் காசு கொடுத்தது யார் என்பது வரை. 'தோப்பூர் வெளி' என்று இடம் குறித்த ஆட்டங்கள் பதினொன்று. எங்கள் கழகத்தின் பெயரும் அவற்றோடு பதினொரு தடவை. எங்கள் கழகமும் எங்கள் மைதானமும் எங்களுடைய கொப்பியில் இல்லாமல் போன பிறகும் இன்னொருவர் கொப்பியில் இருந்திருக்கின்றன. பக்கங்களைப் புரட்டி 2002க்கு வந்தேன். நாங்கள் வென்றதாகச் சொல்லி வந்த அந்த ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் முடிந்திருந்தது.

"இது சரியா அண்ணன்? நாங்க வெண்டதாத்தான் சொல்லுவம்."

"நாங்களும் நாங்க வெண்டதாத்தான் சொல்றம். கொப்பி ரெண்டு பேருக்கும் இடம் குடுக்குதில்ல" என்று சிரித்தார்.

தொலைத்த கொப்பியில் நான் என்ன எழுதினேன் என்று இப்போது சத்தியம் பண்ண முடியாது. ஆகவே வரலாற்றில் ஒன்றுக்கு ஒன்று என்றே எழுதினேன். கழகத்துப் பிள்ளைகள் சிலருக்கு அதில் மனக்குறை. நாங்கள் எழுதியதை மட்டும் காட்டினால் அது எங்கள் பேச்சு. எதிரணியின் கொப்பியில் இருப்பது ஆதாரம். அதில் ஒரு வரியை ஏற்று இன்னொரு வரியை மறைக்க முடியாது என்று விளங்கப்படுத்தினேன்.

அந்தப் பதினொரு பக்கங்களையும் நிழற்படப் பிரதி எடுத்தோம். அவர் எங்களோடு நகரத்துக்கு வந்து, 1979 முதல் இந்த வெளியில் ஆடியதாகச் சத்தியக்கடதாசி முடித்துத் தந்தார். முத்திரைச் செலவை வாங்கிக்கொள்ளவில்லை. "அண்டைக்குத் தேத்தண்ணிக் காசு நீங்கதான் குடுத்தது" என்றார். கொப்பியில் பார்த்தேன். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

*

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. முடிவு இன்னும் வரவில்லை. அரச காணியில் நீண்டகாலப் பாவனை உரிமையாகாது என்று சட்டம் சொல்வதை நான் மறைக்கவில்லை, பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் பொது மைதானமாக ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்பதற்கு இப்போது கையில் ஏதோ இருக்கிறது. சிவப்பு மைக் கட்டைகள் பிடுங்கப்படவில்லை. பிள்ளைகள் இரண்டைக் கோணர் கொடியாக வைத்து ஆடுகிறார்கள்.

கழகத்துக்குப் புதிய சீ.ஆர். கொப்பி வாங்கியிருக்கிறோம். ஒவ்வொரு ஆட்டமும் இரண்டு பிரதியாக எழுதப்படுகிறது. ஒன்று எங்களிடம், மற்றது அந்தத் தமிழ்க் கிராமத்துக் கழகத்திடம். அவர்களுடைய கொப்பியின் ஒரு பிரதி எங்கள் பாடசாலை அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.

கிழக்கிலும் மன்னாரிலும் புத்தளத்திலும் மலையகத்திலும் இப்படி எத்தனையோ சிறு கழகங்கள் இருக்கின்றன. கொப்பி தொலைந்துவிட்டது என்று கைவிட்டவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எதிரணியின் வீட்டுக்கு ஒருமுறை போய்க் கேட்டுப் பாருங்கள். தோற்ற ஆட்டங்களும் அங்கே பத்திரமாக இருக்கும்; அவற்றையும் சேர்த்து வாங்கி வாருங்கள்.